உங்கள் கணினிக்குள்ளேயே எதற்கு ஒரு வெப் சர்வர்?

பைத்தான் போன்ற மொழிகளில் நிரல் எழுதி உடனுக்குடன் விடை பார்க்க உதவும் ஜூப்பிட்டர் நோட்புக்கை இன்ஸ்டால் செய்துவிட்டு முதல்முறை திறந்தால், ஒரு கறுப்பு ஜன்னல் வந்து அதில் வரிவரியாக ஏதோ ஓடும். அடுத்த நொடி, நாம் கேட்காமலேயே பிரவுசர் திறந்து, முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட்:8888 என்று நிற்கும். புதிதாக வருபவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். மென்பொருளை இறக்கியது நம் கணினியில், தரவு இருப்பதும் நம் கணினியில். அப்புறம் எதற்கு இந்த வலைப்பக்கம்? தரவு வெளியே எங்காவது போகிறதா? இன்னும் வெளியிடாத ஆய்வு முடிவுகளோ நோயாளிகளின் விவரங்களோ கையில் வைத்திருப்பவர் இப்படிக் கேட்பது நியாயம்தான்.

இந்த முகவரிக்குப் போவதால் மட்டும் எதுவும் வெளியே போகாது. லோக்கல்ஹோஸ்ட் என்பது வழக்கமாக 127.0.0.1 என்ற முகவரியைக் குறிக்கும். 127-இல் தொடங்கும் சுமார் 1.68 கோடி முகவரிகளும் ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. அந்த முகவரிக்கு அனுப்பும் எதுவும் வைஃபையையோ நெட்வொர்க் கேபிளையோ தொடுவதில்லை. இயங்குதளமே அதை உள்ளுக்குள் திருப்பி விட்டுவிடும். சந்தேகம் இருந்தால் வைஃபையை அணைத்துவிட்டு நோட்புக்கில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், விடை வரும். பின்னால் வரும் 8888 போர்ட் எண். ஒரே கணினியில் பல சர்வர்கள் காத்திருக்கலாம் என்பதால், எதற்கு வந்த செய்தி என்று பிரித்தறிய இந்த எண் தேவை. தரவோடு வேலை செய்யும் மற்ற மென்பொருள்களுக்கும் இப்படி எண் உண்டு: ஓப்பன்ரிஃபைன் 3333-இல் உட்காரும், ஆர்ஸ்டூடியோ சர்வர் 8787-இல், டென்சர்போர்ட் 6006-இல். சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் அடுக்கி வைத்த பெட்டிகளை நினைக்க வேண்டாம். கேட்டால் பதில் சொல்லக் காத்திருக்கும் எந்தப் புரோகிராமும் சர்வர்தான்.

சரி, வெளியே போகவில்லை என்றால் இந்தச் சுற்றுவழி எதற்கு? இதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சில மென்பொருள்களுக்கு முதல் காரணம் பொருந்தும், சிலவற்றுக்கு இரண்டாவது.

கணக்கு ஓரிடம், முகம் ஓரிடம்

அறிவியல் மென்பொருளில் பெரும்பகுதி ஆய்வாளர்களே தங்கள் தேவைக்காக எழுதியது. வானியலாளருக்கு நிறமாலையை அலசத் தெரியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் பட்டன்களையும் மெனுக்களையும் எழுத அவருக்கு நேரமும் கிடையாது, பெரும்பாலும் விருப்பமும் கிடையாது. அதற்கென்றே டிகே, க்யூடி போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை எல்லாக் கணினியிலும் சரியாக நிறுவ வைப்பதே தனி வேலை. பிரவுசரோ எல்லாக் கணினியிலும் முன்பே உட்கார்ந்திருக்கிறது. எழுத்து, படம், அட்டவணை, கணிதச் சமன்பாடு, சுழற்றிப் பார்க்கக்கூடிய முப்பரிமாண உருவம் என எதைக் கொடுத்தாலும் காட்டும்.

கணக்குப் போடும் பகுதியையும் காட்டும் பகுதியையும் பிரிப்பது பழைய யோசனைதான். 1988-இல் வந்த மேத்தமேட்டிக்காவிலேயே நோட்புக் ஒரு புரோகிராம், கணக்கிடும் கெர்னல் இன்னொரு புரோகிராம். பைத்தான் உலகில் இதைப் பரவலாக்கியது, ஃபெர்னாண்டோ பெரெஸ் 2001-இல் தொடங்கிய ஐபைத்தான். 2011 ஜூலையில் அந்தக் குழு க்யூடியில் எழுதிய ஒரு கன்சோலை, அதாவது கட்டளை தட்டும் தனி ஜன்னலை, வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரவுசரில் இயங்கும் நோட்புக் வந்தது. இரண்டுக்கும் அடியில் இருந்த கெர்னல் ஒன்றுதான், முகம்தான் வேறு. உலகம் எதைப் பிடித்துக்கொண்டது என்பது தெரிந்ததே: அந்த நோட்புக்தான் 2014-இல் ஜூப்பிட்டர் என்ற தனித் திட்டமாக வளர்ந்தது.

ஆனால் பிரவுசரை முகமாக வைத்துக்கொண்டால் ஒரு சிக்கல் வரும். ஒரு வலைப்பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், உங்கள் கணினியில் உள்ள பைத்தானை நேரடியாக இயக்க முடியாது. ஹார்ட் டிஸ்கில் இஷ்டத்துக்குக் கோப்பைத் திறக்க முடியாது. சும்மா ஒரு நேரடி இணைப்பைத் திறந்து இன்னொரு புரோகிராமோடு பேசவும் முடியாது. முன்பின் தெரியாத தளங்களின் நிரல்களையெல்லாம் நாள் முழுக்க ஓட்டும் ஒரு மென்பொருளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும். அந்தப் பக்கத்துக்குத் தெரிந்த வழிகள் மிகக் குறைவு. முக்கியமானவை, வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் எச்டிடிபியும், இருபக்கமும் தொடர்ந்து பேச இணைப்பைத் திறந்தே வைக்கும் வெப்சாக்கெட்டும். ஆகவே பைத்தானுடன் பேச வேண்டுமானால், பைத்தான் பக்கத்தில் இந்த மொழி தெரிந்த யாராவது ஒருவர் நிற்க வேண்டும். அவர்தான் லோக்கல் சர்வர்.

ஜூப்பிட்டரில் ஒரு செல்லில் (நிரல் எழுதும் கட்டத்தில்) ஒரு வரைபடத்துக்கான நிரலை எழுதி ஷிஃப்ட்-என்டர் அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். பிரவுசர் உங்கள் நிரலை ஜேசான் என்ற எழுத்து வடிவச் செய்தியாகச் சுற்றி, வெப்சாக்கெட் வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. டோர்னாடோ என்ற பைத்தான் நூலகத்தின் மேல் எழுதப்பட்ட அந்த சர்வர் நிரலைப் படிப்பதும் இல்லை, இயக்குவதும் இல்லை. ஜீரோஎம்க்யூ என்ற இன்னொரு வழியில் கெர்னலிடம் தள்ளிவிடுகிறது. கெர்னல் தனி புரோசஸ். அது நிரலை ஓட்டி, வரைபடத்தை பிஎன்ஜி படமாக்கி, அந்தப் படத்தையும் எழுத்துகளாக மாற்றி, வேறொரு சேனலில் திருப்பி அனுப்புகிறது. சர்வர் அதை மீண்டும் வெப்சாக்கெட்டில் ஏற்றுகிறது. செல்லுக்குக் கீழே படம் தெரிகிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. கெர்னல் தனியாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு: உங்கள் நிரல் மெமரியைத் தின்று கெர்னல் செத்தாலும் நோட்புக் பக்கம் சாகாது. கெர்னலை மட்டும் மீண்டும் தொடங்கிக்கொள்ளலாம். பைத்தானுக்குப் பதில் ஆர், ஜூலியா என்று வேறு மொழியின் கெர்னலை மாட்டவும் முடிவது இதனால்தான்.

புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ஆர் மொழியில் இதைவிட அடக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2009-இல் வந்த 2.10.0 பதிப்பிலிருந்து அதன் உதவிப் பக்கங்களையே ஒரு குட்டி எச்டிடிபி சர்வர் அவ்வப்போது தயாரித்துக் கொடுக்கிறது. வெறும் உதவிக் குறிப்புக்கு சர்வரா என்று தோன்றும். ஆர் பேக்கேஜ்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோல்டர்களில் கிடக்கலாம், இன்று இருப்பது நாளை நீக்கப்படலாம். எழுதி வைத்த எச்டிஎம்எல் கோப்புகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகள் எளிதில் உடைந்துவிடும். கேட்கும் நேரத்தில் தேடிக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

டபுள் கிளிக் செய்தால் வெற்றுப் பக்கம்

இரண்டாவது காரணம் வேறு ரகம். இங்கே பின்னால் கணக்கிட யாருமே இல்லை. எல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. லேசர் ஸ்கேனரின் புள்ளிக் கூட்டத்தைக் காட்டும் போட்ரீ, மரபணுத் தொகுதியைக் காட்டும் ஜேபிரவுஸ் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை சில எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், பக்கத்தில் தரவுக் கோப்புகள், அவ்வளவுதான். அந்த எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்தால் போதாதா?

செய்து பாருங்கள். பெரும்பாலும் வெற்றுப் பக்கம்தான் வரும். எஃப்12 அழுத்தி கன்சோலைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் கோர்ஸ் கொள்கை (ஓரிடத்திலிருந்து வந்த பக்கம் வேறிடத்துத் தரவைப் படிக்கலாமா என்று சொல்லும் விதி) தடுத்துவிட்டது என்றும், இந்தப் பக்கத்தின் ஆரிஜின் 'நல்' என்றும் ஒரு வரி இருக்கும். மென்பொருளில் பிழை என்று நினைத்து இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

நடப்பது இதுதான். ஒரு பக்கம் எதையெல்லாம் படிக்கலாம் என்பதை, அது எங்கிருந்து வந்தது என்பதை வைத்து பிரவுசர் தீர்மானிக்கிறது. இந்த 'எங்கிருந்து'தான் ஆரிஜின். அதில் மூன்று விஷயங்கள் அடங்கும்: எந்த நெறிமுறை, எந்த முகவரி, எந்த போர்ட். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் பிரவுசரோடு தொடங்கிய விதி இது. டிஸ்கிலிருந்து நேரடியாகத் திறந்த கோப்புக்கு முகவரியும் இல்லை, போர்ட்டும் இல்லை. அதனால் பிரவுசர் அதை ஊர்பேர் தெரியாததாகவே நடத்துகிறது. பக்கத்து ஃபோல்டரில் உள்ள தரவுக் கோப்பைக்கூட அது படிக்க முடியாது.

இது வீண் கெடுபிடியா? மின்னஞ்சலில் ஒரு எச்டிஎம்எல் இணைப்பு வருகிறது, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேமித்துத் திறக்கிறீர்கள். அதே ஃபோல்டரில் உங்கள் வங்கி அறிக்கை கிடக்கிறது. அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துக் கோப்புகளைப் படிக்கலாம் என்றால், வங்கி அறிக்கையைப் படித்து வெளியே அனுப்பவும் செய்யலாம். ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலம் ஒரே ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் படிக்க விட்டுக்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் வந்த 68-ஆம் பதிப்பில் இதே காரணத்துக்காக அதை மூடியது. அதுவரை ஃபயர்ஃபாக்ஸில் டபுள் கிளிக்கிலேயே திறந்துகொண்டிருந்த எத்தனையோ காட்சிக் கருவிகள் அந்த ஒரு அப்டேட்டோடு நின்றன.

கோப்பு படிப்பது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களே டிஸ்கிலிருந்து நேரடியாக ஏறுவதில்லை. சி, சி++, ஃபோர்ட்ரானில் எழுதிய பழைய அறிவியல் நூலகங்களை பிரவுசருக்குள் கொண்டுவரும் வெப்அசெம்பிளி, ஓடையாக ஏறும்போது, கோப்போடு சரியான வகைக் குறிப்பையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறது. அந்தக் குறிப்பை ஒட்டி அனுப்புவது சர்வரின் வேலை. பல த்ரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரே மெமரியைப் பகிர்ந்துகொண்டு வேகமாகக் கணக்கிட வேண்டுமானால் இன்னும் கெடுபிடி. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டை வெளியே தெரிந்ததும், பிரவுசர்கள் அந்த வசதியையே அணைத்துவிட்டன. பிறகு திரும்பக் கொடுத்தபோது, குறிப்பிட்ட இரண்டு ஹெடர்களோடு (பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் குறிப்புகளோடு) வரும் பக்கங்களுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டன. டிஸ்கில் கிடக்கும் கோப்பு ஹெடருக்கு எங்கே போகும்? பைத்தானையே முழுசாக பிரவுசருக்குள் ஓட்டும் பையோடைடும், அதன் மேல் நிற்கும் ஜூப்பிட்டர்லைட்டும் கணக்கிட சர்வர் தேவையில்லை என்று சொல்வது உண்மைதான். ஆனாலும் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுக்க ஒரு சர்வர் இருந்தே ஆக வேண்டும்.

இந்த வகைக்கு எந்த எளிய சர்வரும் போதும். பைத்தானோடு சேர்ந்தே வரும் எச்டிடிபி.சர்வர் மாட்யூலை ஒரே கட்டளையில் ஓட்டினால் 8000 போர்ட்டில் அந்த ஃபோல்டர் கிடைக்கும். பெரும்பாலும் இதுவே போதும். மரபணுத் தரவுதான் விதிவிலக்கு, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு மனிதரின் முழு மரபணுத்தொகுதியை வாசித்த பிஏஎம் கோப்பு பல பத்து ஜிபி இருக்கும். திரையில் நீங்கள் பார்ப்பதோ ஒரு ஜீனின் சில ஆயிரம் எழுத்துகள். அதற்காக யாரும் முழுக் கோப்பையும் படிப்பதில்லை. கோப்பு அதிகபட்சம் 64 கேபி துண்டுகளாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. எந்த இடம் எந்தத் துண்டில் என்று சொல்லும் சிறிய இண்டெக்ஸ் கோப்பு பக்கத்தில் இருக்கிறது. பிரவுசர் முதலில் இண்டெக்ஸைப் படித்து, அப்புறம் இத்தனாவது பைட்டிலிருந்து இத்தனாவது பைட் வரை மட்டும் கொடு என்று கேட்கிறது. புரிந்துகொண்ட சர்வர் 206 என்ற குறியீட்டோடு அந்தப் பகுதியை மட்டும் அனுப்பும். பைத்தானின் அந்த எளிய மாட்யூலின் பெரும்பாலான பதிப்புகளுக்கு இந்தப் பகுதிக் கோரிக்கை புரியாது. 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் கொட்டத் தொடங்கிவிடும். சிறிய மாதிரிக் கோப்பில் எல்லாம் சரியாக ஓடி, உண்மையான தரவைப் போட்டதும் பக்கம் உறைந்துபோனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சர்வரே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் இயற்பியல் சிமுலேஷன்கள் நிரல், படம், ஒலி எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் அடைத்துத் தருகின்றன. பக்கத்தில் எதையும் படிக்கத் தேவையில்லை, அதனால் டபுள் கிளிக்கே போதும், இணைய இணைப்பில்லாத வகுப்பறையிலும் ஓடும். நல்ல வழிதான். ஆனால் தரவும் சிறியதாக, மாறாததாக இருந்தால்தான் இது நடக்கும். பல ஜிபி தரவை எச்டிஎம்எல்லுக்குள் திணிக்க முடியாது.

லோக்கல் என்பது எவ்வளவு தூரம்?

முதல் வகைக்கே திரும்புவோம். முகமும் கணக்கும் எச்டிடிபி வழியாகப் பேசுகின்றன என்றால், இரண்டும் ஒரே கணினியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் பார்வையில் இந்த வடிவமைப்பின் பெரிய லாபம் இதுதான். சூப்பர் கம்ப்யூட்டரில் ஜூப்பிட்டரை ஓட்டிவிட்டு, தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் மூலம் ஒரு சுரங்கம் போட்டு, அந்தக் கணினியின் 8888 போர்ட்டை உங்கள் லேப்டாப்பின் 8888-ஆகத் தெரியவைக்கலாம். முகவரிப் பட்டையில் அதே லோக்கல்ஹோஸ்ட்தான் இருக்கும், கணக்கு நடப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். நூறு ஜிபி தரவு இருந்த இடத்திலேயே கிடக்கும், உங்களிடம் வருவது வரைபடத்தின் சில கேபி மட்டும். சாதாரண டெஸ்க்டாப் ஜன்னலாக எழுதப்பட்ட மென்பொருளை இப்படித் தொலைவிலிருந்து பயன்படுத்த முயன்றவர்களுக்கு, மவுஸ் நகர்வுக்கும் திரை நகர்வுக்கும் இடையே காத்திருக்கும் கொடுமை தெரியும்.

வானியலாளர்கள் லோக்கல் எச்டிடிபியை இன்னொரு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். டாப்கேட் என்ற மென்பொருள் அட்டவணைகளுக்கு, அலாதீன் வானப் படங்களுக்கு. இரண்டும் வெவ்வேறு குழுக்கள் எழுதியவை. டாப்கேட்டில் ஒரு விண்மீனின் வரியைச் சொடுக்கினால், அலாதீன் ஜன்னலில் அந்த இடம் தெரியும்படி செய்யலாம். இரண்டுக்கும் நடுவில் சாம்ப் என்ற நெறிமுறையில் ஒரு ஹப் ஓடுகிறது. அது எச்டிடிபி மேல் செய்திகளை வாங்கி மற்றவர்களுக்குப் பரப்புகிறது. வலைப்பக்கங்களும் சேரட்டும் என்று 21012 போர்ட்டில் தனி வாசல் வைத்திருக்கிறார்கள். ஒரு தொலைநோக்கியின் ஆவணக் காப்பகத் தளத்தில் தேடிய முடிவை நேராக உங்கள் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு அனுப்பலாம். அப்படி ஒரு பக்கம் கதவைத் தட்டும்போது, இதை அனுமதிக்கலாமா என்று ஹப் உங்களிடம் கேட்கும். அந்தக் கேள்வியை யோசிக்காமல் தாண்டிவிடக் கூடாது.

ஏனென்றால் 127.0.0.1 வெளியுலகுக்குத்தான் மூடிய கதவு. உங்கள் பிரவுசரில் திறந்திருக்கும் மற்ற டேப்கள் உள்ளேதான் இருக்கின்றன. ஏதோ ஒரு தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் 8888 போர்ட்டுக்குக் கோரிக்கை அனுப்பப் பார்க்கலாம். பதிலைப் படிக்க விடாமல் பிரவுசர் தடுத்தாலும், எளிய கோரிக்கைகள் போய்ச் சேர்வதையே தடுப்பதாக முன்பு பார்த்த ஆரிஜின் விதி எழுதப்படவில்லை. வெப்சாக்கெட்டுக்கு அந்தத் தடைகூடக் கிடையாது, யார் பேசுகிறார்கள் என்று சர்வரே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஆபத்து கற்பனை இல்லை. 2019 ஜூலையில், ஜூம் செயலி மேக் கணினிகளில் சத்தமில்லாமல் ஒரு லோக்கல் சர்வரை வைத்திருந்தது வெளியே வந்தது. எந்த வலைத்தளமும் அதன் மூலம் பயனரை ஒரு அழைப்பில் சேர்த்துவிட முடிந்தது. செயலியை நீக்கினாலும் சர்வர் போகவில்லை. கடைசியில் ஆப்பிளே ஒரு அப்டேட் அனுப்பி அதை நீக்கியது.

ஜூப்பிட்டர் சர்வரின் வேலையே கொடுத்த நிரலை ஓட்டுவதுதான், எனவே அங்கே ஓட்டை இருந்தால் கணினியே கையைவிட்டுப் போகும். அதனால்தான் 2016 டிசம்பரில் வந்த 4.3 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கடவுச்சொல் போன்ற நீளமான ஒரு டோக்கனை உருவாக்குகிறது. கறுப்பு ஜன்னலில் தெரியும் அந்த நீண்ட முகவரியின் வாலில் இருப்பது அதுதான். இதைத் தொந்தரவு என்று அணைத்துவிட்டு, கூடவே எல்லா முகவரியிலும் கேள் என்று 0.0.0.0 கொடுக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால், அதே வைஃபையில் உள்ள எவரும் உங்கள் கணினியில் கட்டளை ஓட்டலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் ஆய்வகக் கணினியில் இன்னொரு விஷயம் உண்டு: 127.0.0.1 அந்தக் கணினியில் உள்ளே நுழைந்திருக்கும் எல்லாப் பயனர்களுக்கும் பொது. அங்கே டோக்கன் இல்லாத சர்வர் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் திறந்தே இருக்கும்.

இத்தனையும் தெரிந்த பிறகு, என் குறை ஒன்றுதான். சர்வர் வைப்பதில் தவறில்லை, அதைப் பயனரிடம் சொல்லாமல் வைப்பதுதான் தவறு. ஜூப்பிட்டர்லேப் டெஸ்க்டாப் போன்றவை ஐகான், தனி ஜன்னல் எல்லாம் கொடுத்துப் பார்ப்பதற்குச் சாதாரண மென்பொருள் போலவே இருக்கின்றன. உள்ளே அதே சர்வரும் அதே பிரவுசர் இன்ஜினும்தான். கறுப்பு ஜன்னல் கண்ணில் படாதது வசதி. ஆனால் ஏதாவது தகராறு வந்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

கறுப்பு ஜன்னல் தெரிகிற வகையில் ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும்: அந்த ஜன்னல்தான் மென்பொருள், பிரவுசர் டேப் அதன் திரை மட்டுமே. அந்த ஜன்னலை மூடினால் கெர்னலோடு சேர்த்து, சேமிக்காத எல்லாம் போகும். டேப்பை மூடினால் எதுவும் நிற்காது. கணக்கு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், மெமரியையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் டேப் மூடியிருந்த நேரத்தில் கெர்னல் அச்சிட்டவை ஜூப்பிட்டரில் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே இரவு முழுக்க ஓடும் கணக்கின் முடிவை திரையை நம்பி விடாமல் கோப்பில் எழுத வைப்பது நல்லது. மறுநாள் காலையில் ஜூப்பிட்டரைத் திறக்கும்போது 8888-க்குப் பதில் 8889 வந்தாலோ, வேறு மென்பொருள் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொன்னாலோ, பெரும்பாலும் நேற்று டேப்பை மட்டும் மூடிவிட்டுப் போன சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.